எல்லோருக்கும் மூச்சு இருபது

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் நான்கு கட்டங்கள் இருக்கும். காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. அவற்றை நிரப்பியே 36 வருஷம் சம்பளம் வாங்கினேன். 1986இல் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை. மதுரையோடு இருந்தது, 1996இல்தான் பிரித்தார்கள். 2022இல் ஓய்வு பெற்றேன். அந்த நான்கு கட்டங்களில் மூன்றாவதில் நான் எழுதிய பொய்களிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தபோது ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்தார்கள். நாடி பிடித்து எண்ணி முடித்த பிறகும் கையை எடுக்காதே, நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோ, ஒரு நிமிடம் முழுதாக எண்ணு. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக மூச்சு விட மாட்டார்கள். இந்தத் தந்திரத்தைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

வார்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே வேறு கணக்கு புரிந்தது. இரவு டூட்டிக்கு நான் ஒருத்தி, நோயாளிகள் 40 பேர். ஒருவருக்கு நான்கு நிமிடம் என்றாலும் 160 நிமிடம். ஊசி, டிரிப்ஸ், புது அட்மிஷன், பிரசவ வார்டிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். நாடியையும் காய்ச்சலையும் பார்த்துவிடுவோம். மூச்சுக்கு மட்டும் பேனாவே பதில் சொல்லிவிடும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் 20 என்று எழுதியிருந்தார்கள். நானும் 20 என்று எழுதினேன். கிழவருக்கும் 20, கல்லூரிப் பையனுக்கும் 20, ஆஸ்துமாக்காரருக்கும் 20.

சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆனி மாதச் சாரல். ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போய் வரும் ஒரு அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு வழியாகக் கேரளப் பக்கத் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாய இறங்கும் ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். நாலு நாள் காய்ச்சல், இருமல். நள்ளிரவில் பார்த்தேன். காய்ச்சல் 101, நாடி 118, மூச்சு 20. டாக்டர் ரவுண்டு வந்தார், அட்டையைப் பார்த்தார், காலையில் எக்ஸ்ரே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் குற்றம் இல்லை. 20ஐப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

நாலரை மணிக்கு வார்டு கூட்ட வந்த ஆயாம்மாதான் சொன்னார்: "சிஸ்டர், அந்த மலைக்குப் போற அம்மா ராத்திரி பூரா உக்காந்தேதான் இருக்கு. படுக்கவே மாட்டேங்குது."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். 38. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. "படுத்துக்கங்கம்மா" என்றேன். "படுத்தா மூச்சு நிக்கிற மாதிரி இருக்கு தாயி" என்றார், ஒவ்வொரு சொல்லாக. சிலிண்டரை உருட்டிவந்து ஆக்சிஜன் வைத்து, டாக்டரை எழுப்பி, ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப்பிடித்து மதுரைக்கு அனுப்பியபோது ஆறு மணி. நிமோனியா. பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து அவருடைய வீட்டுக்காரர் வந்து, ராத்திரி கவனித்துப் பார்த்ததற்காக எனக்குக் கை கூப்பினார். ஆயாம்மாவைக் கைகாட்டி விட்டேன். நான் எழுதிய 20ஐப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து டூட்டி எடுத்ததும் எந்த அட்டையையும் தொடுவதில்லை. முதலில் வார்டை ஒரு சுற்றுச் சுற்றுவேன். யார் உட்கார்ந்தே இருக்கிறார், யார் சாப்பாட்டைத் தொடவில்லை, நேற்று வம்பு பேசியவர் இன்று ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் நாற்பது பேரில் ஐந்து பேர் தனியாகத் தெரிவார்கள். அந்த ஐந்து பேருக்கு முழு நிமிடம் எண்ணுவேன். மற்றவர்களுக்கு அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவேன். எண்ணாத கட்டத்தைக் காலியாக விடுவேன். காலிக் கட்டத்துக்காக ஹெட் சிஸ்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எழுதிய 20க்காக யாரும் யாரையும் திட்டியதில்லை.

பார்த்து எழுதும் வேலையின் கதை இது. தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் ஏறக்குறைய இதே கதைதான்.

நான் சேர்ந்தபோது விடிகாலை முதல் வேலை ஸ்டெரிலைசரைப் போடுவது. கண்ணாடி சிரிஞ்சுகளைப் பிரித்து, ஊசிகளைக் காஸ் துணியில் குத்தி, கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிடம். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் பாத்திரத்தில் வெள்ளையாகப் படலம் கட்டும். கொதித்துக்கொண்டிருக்கும்போது யாராவது இன்னொரு சிரிஞ்சைப் போட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். வெளியே ஊசிக்கு வரிசை நிற்கும்போது யார் எண்ணியது? ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டுவோம். ஒரு தலைமுறை ஊசிக்குப் பயந்ததில் ஆச்சரியமே இல்லை.

அதே 1986இல்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. அந்தப் பயம் எங்கள் வார்டுக்கு வந்து சேர நாலைந்து வருஷம் ஆனது. வந்தபோது கோணலாக வந்தது. நோயாளியின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஒரு குறி, கடைசி மூலையில் ஒரு கட்டில், அவருக்கு மட்டும் கையுறை. மற்ற 39 பேரின் ரத்தத்தையும் வெறும் கையால் தொட்டோம். சிவப்புக் குறி இல்லாதவர்களில் யாருக்கு என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லோர் ரத்தத்தையும் ஒரே மாதிரி நினை என்ற பாடம் புத்தகத்தில் வந்துவிட்டது. எனக்கு அது ஒரு குத்தில்தான் வந்தது. ஊசி போட்டுவிட்டு மூடியை மறுபடி மாட்டப் போனேன். ஊசி மூடியைத் துளைத்து ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரும்வரை வீட்டில் மூச்சு விடவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டக்கூடக் கை நடுங்கியது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு மருந்து மாத்திரை வருவது சீரானது. ஒருமுறை பயன்படுத்தும் சிரிஞ்சு வழக்கமானது. 1998இல் மருத்துவக் கழிவுக்கென்று விதிகள் வந்தன, 2016இல் புதுப்பித்தார்கள். இன்று மஞ்சள், சிவப்பு, நீலம், ஊசிக்கு வெள்ளை டப்பா என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் வாளியின் நிறம் பாதிதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஊசியை எந்த வாளியில் போடுகிறாய் என்பது மீதி. தப்பாகப் போட்டால் குத்துவது உன்னை அல்ல, காலையில் அள்ள வரும் ஆயாம்மாவை.

என் அனுபவத்தில் மறக்காதது ஒரு வாசனை. எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை வாசனை தெரியாதவர்கள் கிடையாது. பன்னீர் திராட்சை வெட்டும் நாளில் கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பஸ் ஜன்னலைத் திறந்தாலே தித்திப்பாக அடிக்கும். ஒரு நாள் சிசேரியன் ஆன பெண்ணுக்குக் கட்டுப் பிரித்தபோது அந்த வாசனை வந்தது. காஸில் பச்சை நிறமாகக் கசிவு. ஆரஞ்சு, திராட்சை வாங்கிவந்து வைத்திருக்கிறார்களோ என்று கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேருக்கு அதே பச்சை, அதே வாசனை.

சூடோமோனாஸ் என்ற கிருமி இது. ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும். ஆபரேஷன் தியேட்டரில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். தியேட்டரை மூடி, ஃபார்மலின் புகை போட்டு, சுவரெல்லாம் கழுவினோம். அடுத்த வாரம் நாலாவது ஆள்.

அப்போது எங்கள் ஹெட் சிஸ்டர் ஒரு வேலை செய்தார். டிரெஸ்ஸிங் டிராலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாங்கள் கட்டு மாற்றுவதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டிராலியில் ஒரு கிண்ணம், அதில் சாவ்லான் தண்ணீரில் ஊறிய பஞ்சு. எல்லோருக்கும் அதே கிண்ணம், எடுக்க ஒரே இடுக்கி. கிண்ணத்துக்கு ஊற்றும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கலங்கலாகப் பாசி மாதிரி. அந்தப் பாட்டிலை யாரும் கழுவியதே இல்லை. தீரத் தீர மேலே ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். தண்ணீர் கூடிப்போன கிருமிநாசினியிலேயே கிருமி வளரும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். புண்ணைச் சுத்தம் செய்கிறோம் என்று தினமும் காலையில் நாங்களே வார்டு முழுக்கக் கிருமியைப் பரிமாறியிருக்கிறோம்.

மருந்துக்கு எழுதிப் போடவில்லை, இயந்திரம் வாங்கவில்லை. பாட்டிலைத் தினமும் கொட்டிக் கழுவி, கொதிக்கவைத்து, தேதி எழுதி ஒட்டினோம். ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். பொதுவில் தொங்கிய கை துடைக்கும் துண்டை எடுத்துவிட்டோம். எல்லோரும் கை கழுவிவிட்டு, வார்டிலேயே அழுக்கான பொருளில் அல்லவா துடைத்துக்கொண்டிருந்தோம்! பச்சைக் கசிவு நின்றது.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்கப் போகிறவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். தாய்மார்கள் சாவது குறைந்தது. ஆனாலும் கூட வேலை பார்த்த பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. நம் கையா அழுக்கு என்ற கோபம். அதே கோபத்தை நான் எங்கள் வார்டிலும் பார்த்தேன், முதலில் என் முகத்தில்.

அதற்காக நேரக் கணக்கை மறைக்க முடியாது. சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். குழாய் வார்டின் கோடியில். ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் போய்வந்தால் டூட்டி அதிலேயே முடியும். உண்மையில் நிலைமையை மாற்றியது கட்டில் முனைக்கே வந்த ஸ்பிரிட் பாட்டில்தான். கையில் ஊற்றி 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். ஆட்கள் திருந்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். பாட்டில் கிட்டே வந்தது.

கையுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டத்தில், ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் எங்களுக்கு வழக்கமான நோயாளிகள். காற்றுக்கு எதிராக நின்று அடித்திருப்பார், சட்டை நனைந்திருக்கும். வரும்போது வியர்வை, வாயில் நுரை, நெஞ்சில் கரகரப்பு. கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கியிருக்கும். நாடி மந்தமாக இருக்கும். முதல் வேலை சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுவது. கையுறை இல்லாமல் கழுவிய ஆயாம்மா ஒருவர் பொழுதுக்குள் தலைசுற்றி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு அட்ரோபின். 0.6 மில்லிகிராம் ஆம்பூல்களை உடைத்து உடைத்து விரல் கீறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்: நெஞ்சு காய்ந்ததா, நாடி 80ஐத் தாண்டியதா. காயவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்குவார் டாக்டர். கூடிப்போனாலும் வம்பு. உடம்பு கொதிக்கும், காற்றில் எதையோ பறிப்பார், கட்டிலை விட்டு எழுந்து ஓடுவார். இந்த நோயில் மருந்துச் சீட்டை எழுதுவது டாக்டர், அளவைச் சொல்வது நர்ஸின் விரல். அந்த ஒரு ராத்திரிக்கு மற்ற 39 பேரை யார் பார்த்தது என்று கேட்காதீர்கள்.

டெங்கு வந்த வருஷங்களில் இன்னொன்று படித்தேன். ஐப்பசி மழை, தீபாவளிக்கு முந்தின நாள். பதின்மூன்று வயதுப் பெண். நாலு நாளாக அடித்த காய்ச்சல் அன்று காலை விட்டிருந்தது. "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், பிள்ளை புதுத்துணி போடணும்னு அழுகுது, எழுதிக் குடுங்க" என்று அவள் அப்பத்தா மல்லுக்கு நின்றார். பி.பி. 100க்கு 80. மேல் எண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் 20தான். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் நேரம். மேல் எண் விழுவதற்கு முன்பே இரண்டும் நெருங்கி வரும். விரல் நுனியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. எல்லோரும் அன்றைக்குப் பிளேட்லெட் எத்தனை என்றுதான் கேட்டார்கள். "அப்பத்தா, பட்டாசு அடுத்த வருஷமும் வெடிக்கும்" என்று சொல்லிப் பிள்ளையை நிறுத்திவைத்தோம். பத்து மணிக்கெல்லாம் டிரிப்ஸ் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள்.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் போகும்போதும் இதே வரிசைதான். முதலில் நாடி ஓடும், பி.பி. கடைசிவரை நல்லபிள்ளையாக நடித்துவிட்டுச் சட்டென்று விழும். பி.பி.யை மட்டும் நம்பியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாந்திருப்பார்கள்.

2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீயை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலையேற வந்தவர்களில் 23 பேரை அது கொண்டுபோனது. எல்லோரும் அன்றைக்கே போகவில்லை. மதுரையிலும் வேறு ஊர்களிலும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் போராடிப் போனார்கள். தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும். முதல் இரண்டு நாள் உடம்பின் நீருக்காகச் சண்டை. அதைத் தாண்டினால் கிருமியோடு சண்டை. தோல் போன உடம்புக்கு மீதமிருக்கும் வேலி, தொடுகிறவரின் சுத்தமான கை.

2020இல் கொரோனா வந்தது. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டுச் சாவடிகளை அடைத்தார்கள். ஜீப்புகள் நின்றன. க.விலக்கில் 2004இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிதான் மாவட்டத்தையே தாங்கியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வீட்டு வீட்டுக்கு வாங்கினார்கள். அதன் அடிப்படையை 1974இல் கண்டுபிடித்த ஜப்பான்காரர் தகுவோ அவோயாகி, கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் காலமானார். நல்ல கருவி. ஆனால் குளிர்ந்த விரலிலும், நெயில் பாலிஷ் போட்ட விரலிலும் தப்பாகக் காட்டும். ஒரு பெரியவர் போனில் திராட்சை விலை பேசிக்கொண்டிருந்தார். கருவியில் 79. மெஷின் கெட்டுப்போச்சு என்றார் மகன். பேச்சை நிறுத்தச் சொல்லி எண்ணினேன். மூச்சு 34. மெஷின் கெடவில்லை.

இங்கிலாந்தில் 2012இல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அமைப்பு, நோயாளி சரியப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. ஓய்வு பெறும் காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் அந்த அட்டவணையைப் பார்த்தேன். மூச்சு 21 முதல் 24 என்றால் 2 மதிப்பெண், 25ம் அதற்கு மேலும் 3. 12 முதல் 20 வரை பூஜ்யம். அபாயம் இல்லை என்று சொல்லும் கடைசி எண் 20. அத்தனை வருஷம் அத்தனை பேர் சொல்லிவைத்த மாதிரி அந்த எண்ணையே ஏன் எழுதினோம் என்று அன்றைக்குப் புரிந்தது. அதை எழுதினால் வேறு எந்த வேலையும் வராது.

இப்போது மானிட்டர் இருக்கிறது, எண்களைத் தானே காட்டுகிறது. இளம் பிள்ளைகள் திரையைப் பார்த்து எழுதுகிறார்கள், நோயாளியைத் தொடாமலே நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நான் திரைகூட இல்லாமல் எழுதியவள். கொரோனாவில் மூலைக்கு மூலை வைத்த சானிடைசர் ஸ்டாண்டுகளில் பல, நான் ஓய்வு பெறும்போது பாட்டில் இல்லாமல் நின்றன. ஒரு செவிலியருக்கு 40 பேர் என்ற கணக்கு மாறாமல் எந்த அட்டவணையும் முழுதாக உண்மை பேசாது. இதை ஆள்போடும் இடத்தில் இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வாசிக்கிற உங்களுக்கும் இரண்டு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உங்கள் ஆளைத் தொட வருகிறவர் யாராக இருந்தாலும், "கை கழுவிட்டீங்களா?" என்று கேளுங்கள். என்னைக் கேட்ட இரண்டே பேர்மேல் எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு மரியாதை வந்தது. இன்னொன்று, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 24ஐத் தாண்டினால், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்கு 40ஐத் தொட்டால், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ஐத் தொட்டால், இரண்டு மாதத்துக்கும் குறைந்த பச்சைப்பிள்ளைக்கு 60ஐத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள்.